இடுப்பு மூட்டு மாற்றிய பிறகு நடக்க முடிகிறது, நிற்கத்தான் முடியவில்லை

மதுரை ஜவுளிக்காரர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 46. மதுரையில் ஒரு ஜவுளிக்கடையின் பட்டுப் பிரிவில் விற்பனையாளராக இருக்கிறேன். வலது தொடை எலும்பின் தலைப்பகுதிக்கு ரத்த ஓட்டம் நின்று, எலும்பு உள்ளுக்குள்ளேயே நொறுங்கிவிட்டது, ஏ.வி.என். என்று மருத்துவர் சொன்னார். சென்ற ஆண்டு ஆடித் தள்ளுபடி முடிந்த கையோடு, முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் முழு இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. சிமென்ட் வைக்காத வகை மூட்டு. மூன்று மாத ஓய்வுக்குப் பின் வேலைக்குத் திரும்பினேன். இப்போது சித்திரை பிறந்துவிட்டது.

தொடை இடுக்கில் குத்திக்கொண்டே இருந்த பழைய வலி அறவே போய்விட்டது. பெரியார் பேருந்து நிலையத்திலிருந்து கடை வரை சிரமமில்லாமல் நடந்துவிடுகிறேன். ஆனால் கடையில் மேசைக்குப் பின்னால் நின்றால், ஒரு மணி நேரத்துக்குள் இடுப்பின் வெளிப்பக்கம், எலும்பு துருத்திக்கொண்டிருக்கும் இடத்தில் வலி தொடங்குகிறது. மாலைக்குள் அது தொடையின் வெளிப்பக்கமாக முழங்காலை நோக்கி இறங்குகிறது. இரவில் அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடிவதில்லை. எக்ஸ்ரேயில் எல்லாம் அதனதன் இடத்தில் இருப்பதாக அறுவை மருத்துவர் சொல்கிறார். நடக்க முடிந்தவனால் நிற்க முடியாமல் போவது ஏன் என்பது எனக்குப் புரியவில்லை. நின்று பிழைக்கும் தொழிலில் இருப்பவர்கள் இதை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

நெல்லை ஆசிரியை எழுதியது:

சகோதரர் அவர்களுக்கு வணக்கம். நான் அரசு உயர்நிலைப் பள்ளி ஆசிரியை; மூட்டுத் தேய்மானத்தால் இடது பக்கம் மாற்றிக்கொண்டவள். தாங்கள் எழுதியிருப்பதை வரிக்கு வரி நானும் அனுபவித்திருக்கிறேன். வகுப்பறையில் பெஞ்சுகளுக்கு இடையே நடந்துகொண்டே பாடம் நடத்தினால் நாள் முழுவதும் தாங்கிவிடும். ஆனால் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் அசையாமல் நிற்கும் இருபது நிமிடம் என்னை முடித்துவிடும். ஆகவே, பாடம் நடத்துவதை விட்டுவிடாமல், நிற்கும் முறையை மாற்றிக்கொண்டேன்.

கரும்பலகைக்கு அருகிலுள்ள மேடையின் விளிம்பில் ஒரு காலை ஏற்றி வைத்து, சில நிமிடங்களுக்கு ஒருமுறை காலை மாற்றுகிறேன். விடைத்தாள் திருத்தவும், மாணவர்கள் குறிப்பெழுதும் நேரத்திலும் உயரமான முக்காலியில் உட்காருகிறேன். சாதாரண நாற்காலியைவிட இது எனக்கு நல்லதாகத் தெரிகிறது, ஏனென்றால் தொடையை அதிகம் மடக்காமல் பாதி நின்றபடியே உட்காரலாம், எழுந்திருக்கும்போதும் இழுப்பதில்லை. சிமென்ட் தரையில் தட்டையான ரப்பர் செருப்பு போடுவதை நிறுத்திவிட்டு, மெத்தென்ற ரப்பர் அடிப்பகுதி கொண்ட எம்.சி.ஆர். செருப்புக்கு மாறினேன், வீட்டுக்குள்ளும், குறிப்பாகச் சமையலறைக் கிரானைட் தரையில், தனியாக ஒரு சோடி வைத்திருக்கிறேன். வீட்டுக்குள் செருப்பா என்று மாமியார் முகம் சுளித்தார். பிறகு அவரும் ஒன்று வாங்கிக்கொண்டார்.

பொறுத்துக்கொண்டால் பழகிவிடும் என்று பலர் சொல்வார்கள். அதை மட்டும் காதில் வாங்காதீர்கள்.

மலையடிவாரம் எழுதியது:

என் மாமாவுக்கும் இதேபோல் இருந்தது. எலும்புக் கட்டுக்குப் பேர்போன புத்தூருக்கு அழைத்துச் சென்று கட்டுப் போட்டு, எண்ணெய் வைத்து உருவிவிட்டார்கள்; இரண்டே வாரத்தில் சரியாகிவிட்டது. ஒருமுறை போய்ப் பாருங்கள்.

கோவை இயன்முறை மருத்துவர் எழுதியது:

முதலில் முந்தைய பதிவுக்கு. மாமாவுக்கு இருந்தது சுளுக்கா, எலும்பு முறிவா என்பது தெரியாது. ஆனால் செயற்கை மூட்டு பொருத்தப்பட்ட இடுப்பை யாரும் இழுக்கவோ, முறுக்கவோ, அழுத்தி உருவவோ கூடாது. தொடையை மடக்கி உள்பக்கமாகத் திருப்பும் ஓர் அசைவே பந்து கிண்ணத்திலிருந்து நழுவப் போதுமானது. இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

இனி கேள்விக்கு. எழுத்தில் படித்து நோயைத் தீர்மானிக்க முடியாது என்றாலும், வலி எந்த இடத்தில் என்பதைத் தாங்கள் தெளிவாகச் சொல்லியிருப்பதால் பாதி விடை அதிலேயே இருக்கிறது. மூட்டு மாற்றியவர்கள் எல்லா வலியையும் இடுப்பு வலி என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறார்கள். தொடை இடுக்கில் வலித்தால் மூட்டையோ, காலைத் தூக்கும்போது கிண்ணத்தின் விளிம்பில் உரசும் தசைநாணையோ சந்தேகிப்போம். உட்கார்ந்து எழுந்தவுடன் முதல் சில அடிகளில் தொடையின் நடுவில் வலித்தால், எலும்புக்குள் இறக்கிய தண்டை நினைப்போம். சிமென்ட் இல்லாத மூட்டில் முதல் ஓரிரு ஆண்டுகளில் இது வந்து தானே அடங்குவதும் உண்டு, தண்டு தளர்ந்ததன் அறிகுறியாக இருப்பதும் உண்டு. புட்டத்தில் தொடங்கி முழங்காலுக்குக் கீழே இறங்கினால் முதுகெலும்பைப் பார்ப்போம். வெளிப்பக்க எலும்பு முனையில், அதுவும் ஒருக்களித்துப் படுக்க முடியாதபடி வலித்தால், அங்கே வந்து ஒட்டும் புட்டத் தசைகளின் நாண்களும் அவற்றை ஒட்டி உராய்வைத் தணிக்கும் சிறு நீர்ப்பையும்தான் முதலில் நினைவுக்கு வரும். எக்ஸ்ரே எலும்பையும் உலோகத்தையும் காட்டும், இந்தத் தசையைக் காட்டாது. ஆகவே எக்ஸ்ரே நன்றாக இருப்பதும் தங்களுக்கு வலிப்பதும் ஒன்றுக்கொன்று முரண் அல்ல.

நிற்பது ஏன் கடினம்? இரண்டு மணி நேரம் நிற்கும் எவரும் இரண்டு காலிலும் சமமாக நிற்பதில்லை. நம்மை அறியாமலேயே ஒரு பக்கம் சாய்ந்து, சற்று நேரம் கழித்து மறுபக்கம் சாய்கிறோம். ஒற்றைக் காலில் எடை விழும்போது, கைகள் சமமில்லாத தராசைப் போல இடுப்பெலும்பு மறுபக்கம் சரியப் பார்க்கிறது. அதைச் சரியவிடாமல் பிடிப்பது புட்டத்தின் பக்கவாட்டுத் தசை. உடல் எடை நிற்கும் கை நீளம், தசை நிற்கும் கை குட்டை. அதனால் தசை எடையைவிட அதிக விசையுடன் இழுக்க வேண்டியிருக்கிறது, மூட்டின் மேல் உடல் எடையைப் போல இரண்டு மடங்குக்கும் அதிகமான சுமை விழுகிறது. நடக்கும்போதும் இதே சுமைதான், ஆனால் ஒவ்வோர் அடிக்கும் தசைக்கு ஓய்வு கிடைக்கிறது, ரத்தம் ஓடுகிறது. நிற்கும்போது அந்த இடைவெளி இல்லை.

நவீன இடுப்பு மூட்டை உருவாக்கிய ஜான் சார்ன்லி, 1962இல் இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் பாலிஎத்திலீன் கிண்ணத்தைப் பொருத்தத் தொடங்கிய காலத்திலேயே இந்தக் கணக்கைப் பெரிதாக எடுத்துக்கொண்டார். தசை ஒட்டும் எலும்பு முனையை வெட்டியெடுத்து, இன்னும் வெளிப்பக்கமாகத் தள்ளிப் பொருத்தி, குட்டைக் கையை நீட்டப் பார்த்தார். தசைக்கு உரிய இடம் கொடுக்காமல் மூட்டை மட்டும் மாற்றிப் பயனில்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

ஏ.வி.என். நோயாளிகள் அறுவைக்கு முன்பே பல மாதங்கள், சில வேளைகளில் ஆண்டுக்கணக்கில், அந்தக் காலில் ஊன்றாமல் தாங்கித் தாங்கி நடந்திருப்பார்கள். அந்தக் காலத்தில் மெலிந்த தசையை அறுவை சிகிச்சை மீட்டுத் தருவதில்லை. பக்கவாட்டு வழியாக அறுவை செய்திருந்தால் அந்தத் தசையின் முன்பகுதியையே பிரித்துத் தைத்திருப்பார்கள். அது முழுப் பலம் பெற ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். தங்களுக்கு எந்த வழியாகச் செய்தார்கள் என்பதை டிஸ்சார்ஜ் சம்மரியில் பார்த்துச் சொல்லுங்கள்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடக் கூடாது. எப்படிப் படுத்தாலும் விடாத இரவு வலி, காய்ச்சல், தையல் போட்ட இடத்தில் கசிவு, நன்றாக இருந்த மூட்டில் புதிதாகத் தொடங்கிக் கூடிக்கொண்டே போகும் வலி, கெண்டைக்காலில் வீக்கம் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். தொற்று இருக்கிறதா என்று பார்க்க இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. ஆகிய ரத்தப் பரிசோதனைகளில் தொடங்குவார்கள். எக்ஸ்ரே நன்றாக இருந்தும் தொற்று இருக்கக்கூடும்.

காவிரிக்கரைத் தாத்தா எழுதியது:

எனக்கு வயது 71. நான்கு ஆண்டுகளுக்கு முன் வலப்பக்கம் மாற்றிக்கொண்டேன். இவ்வளவு விளக்கம் தேவையில்லை என்பது என் எண்ணம். மூட்டு என்பது உலோகமும் பிளாஸ்டிக்கும். நின்றால் தேயும், வலித்தால் உட்கார வேண்டும். நான் நிற்பதையே விட்டுவிட்டேன். இளம் வயதில் மாற்றிக்கொண்டவர் இப்படி நாள் முழுவதும் நின்றால், மறுபடியும் அறுவை மேசைக்குத்தான் போக வேண்டியிருக்கும். தம்பி வேறு வேலை பார்த்துக்கொள்வது நல்லது.

கோவை இயன்முறை மருத்துவர் எழுதியது:

ஐயா, தங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் தேய்மானம் உண்டாவது பந்தும் கிண்ணமும் ஒன்றன்மேல் ஒன்று உரசி நகரும்போதுதான். அசையாமல் நிற்கும்போது அந்த உரசல் அநேகமாக இல்லை. ஆஸ்திரேலியா, பின்லாந்து நாடுகளின் பதிவேடுகளை வைத்து 2019இல் லான்செட் இதழில் வெளியான ஆய்வு, ஏறக்குறைய 58 விழுக்காடு இடுப்பு மூட்டுகள் 25 ஆண்டுகள் நீடிக்கும் என்று கணித்தது. அவற்றில் பலவும் பழைய வகை பிளாஸ்டிக் கிண்ணங்கள். இப்போது பயன்படுவது அதைவிட மிகக் குறைவாகத் தேயும் வகை. 46 வயதுக்காரருக்கு மறு அறுவை வாழ்நாளில் வரவே வராது என்று நான் சொல்லவில்லை. நிற்பதால்தான் அது வரும் என்பது சரியல்ல என்கிறேன்.

நிற்பதை முற்றிலும் விட்டால் தசை இன்னும் மெலியும், பிறகு வலி அரை மணி நேரத்திலேயே வரும். நிற்கும் நேரத்தை மருந்தைப் போல அளந்து கொடுப்பதே என் வழக்கம். எத்தனை நிமிடத்தில் வலி தொடங்குகிறது என்று சில நாட்கள் கவனியுங்கள். அதில் மூன்றில் இரண்டு பங்கு நேரம் ஆனதும், வலி வருமுன்பே, இரண்டு மூன்று நிமிடம் உட்காருங்கள் அல்லது நடங்கள். வலி வந்தபின் உட்காருவதற்கும் வருமுன் உட்காருவதற்கும் மாலையில் தெரியும் வேறுபாடு மிகப் பெரியது. மறுநாள் காலையில் வலி முந்தைய காலையின் அளவிலேயே இருந்தால் அந்த வாரத்தின் அளவு சரி, கூடியிருந்தால் குறைத்துக்கொள்ளுங்கள், வலியில்லாமல் ஒரு வாரம் கடந்தால் ஐந்து நிமிடம் கூட்டுங்கள்.

மதுரை ஜவுளிக்காரர் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. சம்மரியில் பக்கவாட்டு வழி என்றுதான் எழுதியிருக்கிறது. காய்ச்சலோ கசிவோ இல்லை.

உட்காருவதுதான் சிக்கல். வாடிக்கையாளர் வரும்போது விற்பனையாளர் உட்கார்ந்திருப்பது மரியாதைக் குறைவு என்பது எங்கள் மேலாளரின் கொள்கை. கூட்டமில்லாத பிற்பகலிலும் அப்படித்தான். கேட்டால், முடியாதவர் ஏன் வேலைக்கு வர வேண்டும் என்ற தொனியில் பதில் வருகிறது. கைத்தடி வைத்துக்கொண்டால் கடைக்குள்ளேயே விடமாட்டார்கள்.

தொழிற்சங்கத் தோழர் எழுதியது:

தோழரே, தாங்கள் கேட்பது சலுகை அன்று, சட்டம் கொடுத்த உரிமை. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021இல் 22-அ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. ஒவ்வொரு நிறுவனத்திலும் எல்லாப் பணியாளர்களுக்கும் தகுந்த இருக்கை வசதி இருக்க வேண்டும், பணியின் இடையே உட்காரும் வாய்ப்பு கிடைக்கும்போது அவர்கள் அதைப் பயன்படுத்திக்கொள்ள முடிய வேண்டும் என்பது அதன் சாரம். கேரளம் 2018இலேயே இதைக் கொண்டுவந்தது. அங்கும் ஜவுளிக்கடைப் பெண்கள் நடத்திய போராட்டமே அதற்குக் காரணம். அறுவை சிகிச்சை செய்தவர், செய்யாதவர் என்ற பாகுபாடே சட்டத்தில் இல்லை. தொழிலாளர் துறை உதவி ஆய்வாளரிடம் எழுத்து மூலமாகப் புகார் கொடுக்கலாம்.

நெல்லை ஆசிரியை எழுதியது:

சட்டம் இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் புகார் கொடுத்த மறுநாள் அதே மேலாளர் முன்னால்தான் இவர் போய் நிற்க வேண்டும். எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை உட்காரலாம் என்றும் அந்தப் பிரிவு சொல்லவில்லை. வாய்ப்பு கிடைத்ததா இல்லையா என்பதை மேலாளர்தான் தீர்மானிப்பார். ஆகவே முதலில் அறுவை மருத்துவரிடம் ஒரு கடிதம் வாங்குங்கள். ஓய்வு தேவை என்று பொதுவாக எழுதிய கடிதத்தை யாரும் மதிப்பதில்லை. தொடர்ச்சியாக இவ்வளவு நேரத்துக்கு மேல் நிற்கக் கூடாது, உயரமான இருக்கை தேவை, ஏணியில் ஏறி மேல்தட்டிலிருந்து கட்டுகளை இறக்கக் கூடாது, இந்தக் கட்டுப்பாடு இத்தனை மாதங்களுக்கு என்று குறிப்பாக எழுதச் சொல்லுங்கள். முடிவு தேதி போட்ட கடிதத்தை ஏற்பது முதலாளிக்கும் எளிது. சட்டப் பிரிவைக் கடைசியாகக் காட்டலாம்.

தொழிற்சங்கத் தோழர் எழுதியது:

அம்மா சொல்வதில் அனுபவம் இருக்கிறது. இருந்தாலும் கடிதத்தின் அடியில் பிரிவு எண்ணை ஒரு வரி சேர்ப்பதில் தவறில்லை. எல்லோரும் தயங்கித் தயங்கியே அந்தச் சட்டம் காகிதத்தில் கிடக்கிறது.

பந்திச் சமையல் எழுதியது:

நான் கல்யாணச் சமையல்காரன், வயது 58. வழுக்கி விழுந்து தொடை எலும்பின் கழுத்து முறிந்ததால் மூட்டு மாற்றினார்கள். எங்கள் தொழிலில் விடியற்காலை மூன்று மணிக்கு அடுப்பு முன்னால் நின்றால் முகூர்த்தப் பந்தி முடியும்வரை நிற்க வேண்டும். என் அனுபவத்தில் நிற்பதைவிடக் கெடுதல், குனிந்து நிற்பது. தரையோடு இருக்கும் அடுப்பில் அண்டாவைக் கிளறும்போது இடுப்பு கழன்றுவிடும் போல வலிக்கும். ஆகவே அடுப்புகளை இடுப்புயர இரும்புச் சட்டத்தின் மேல் ஏற்றிவிட்டேன். அரிவாள்மனையை விட்டுவிட்டு, உயர நாற்காலியில் உட்கார்ந்து மேசையில் காய் நறுக்குகிறேன். அண்டா தூக்குவது, இறக்குவது எல்லாம் பையன்கள் வேலை. அடுப்பின் பக்கத்தில் ஒரு செங்கல் கிடக்கும். காலை மாற்றி மாற்றி அதன்மேல் வைப்பேன்.

கைத்தடி பற்றித் தம்பி தயங்க வேண்டாம். கடைக்குள் வேண்டாமென்றால் போகும் வழியில், வரும் வழியில் பயன்படுத்தலாமே. எனக்கு அறுவை நடந்த அதே பக்கத்துக் கையில் பிடிப்பதுதான் சரி என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் அடித்துச் சொன்னார்கள். மருத்துவமனையில்தான் எதிர்க்கையில் பிடிக்கச் சொன்னார்கள்.

ஒரு கேள்வி. முகூர்த்த நாட்களில் காலையிலேயே ஒரு வலி மாத்திரை போட்டுக்கொள்கிறேன். அன்றைய தினம் ஓடிவிடுகிறது. இது தவறா?

கோவை இயன்முறை மருத்துவர் எழுதியது:

கைத்தடி எதிர்க்கையில் என்பது முற்றிலும் சரி. நான் சொன்ன தசையின் வேலையில் ஒரு பங்கை அந்தக் கை எடுத்துக்கொள்கிறது. அதே பக்கத்துக் கையில் பிடித்தால் அந்தப் பயன் கிடைப்பதில்லை.

மாத்திரையின் பெயரைத் தாங்கள் சொல்லவில்லை. டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் வகையாக இருந்தால், அடுப்பின் வெப்பத்தில் வியர்த்து, தண்ணீரும் குறைவாகக் குடித்துக்கொண்டு அதை உட்கொள்வது சிறுநீரகத்துக்குக் கேடு. ரத்த அழுத்தமோ சர்க்கரையோ இருந்தால் கேடு இரட்டிப்பு. வேலைக்கு முன்பே போட்டால் இன்னொரு தொல்லையும் உண்டு: எப்போது உட்கார வேண்டும் என்று சொல்லும் வலி அன்று முழுவதும் வாய் திறக்காது, மறுநாள் சேர்த்து வசூலிக்கும். வேலை முடிந்தபின் துணியில் சுற்றிய ஐஸ் பொட்டலத்தைப் பத்துப் பதினைந்து நிமிடம் வைத்துப் பாருங்கள். மாத்திரை வேண்டுமா, எது, எவ்வளவு என்பதைத் தங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மதுரை ஜவுளிக்காரர் எழுதியது:

சில வாரங்கள் கழித்து எழுதுகிறேன். மருத்துவரிடம் மறுபடியும் சென்று, வலிக்கும் இடத்தை விரலால் தொட்டுக் காட்டினேன். ரத்தப் பரிசோதனைகள் இரண்டும் இயல்பாக இருந்தன. அறுவை செய்த காலில் மட்டும் நிற்கச் சொன்னார். மறுபக்க இடுப்பு கீழே சரிந்ததை எனக்கே கண்ணாடியில் காட்டினார். பக்கவாட்டுத் தசை பலவீனம், நாண் அழற்சி என்று எழுதினார். ஊசி போடலாமா என்று கேட்டதற்கு, புது மூட்டுக்கு அருகில் ஊசி இறக்குவதைக் கடைசி வழியாகத்தான் வைத்துக்கொள்வேன் என்றார். கால் நீளத்தையும் அளந்தார். அரை சென்டிமீட்டர்தான் வேறுபாடு, செருப்பில் எதுவும் வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

இப்போது தினமும் மூன்று பயிற்சிகள் செய்கிறேன். சுவரோடு முதுகை ஒட்டி, கால்களுக்கு நடுவே தலையணை வைத்து ஒருக்களித்துப் படுத்து, மேல்காலை நேராகத் தூக்குவது ஒன்று. மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பை உயர்த்துவது ஒன்று. சமையலறை மேடையைப் பிடித்துக்கொண்டு, இடுப்பு சரியாமல் அந்தக் காலில் நிற்பது ஒன்று. மூன்றாவதுதான் மிகக் கடினம். ஆரம்பத்தில் பத்து எண்ணுவதற்குள் கால் நடுங்கியது.

கடிதத்தைக் கொடுத்தேன், பிரிவு எண்ணுடன். மேலாளர் முகம் மாறியது. ஆனால் முதலாளி படித்துவிட்டு, பிற்பகலில் பில் போடும் இடத்துக்கு மாற்றிவிட்டார். அங்கே உயர முக்காலி இருக்கிறது. காலையில் நிற்பதைப் பகுதி பகுதியாகப் பிரித்துக்கொள்கிறேன். சாதாரண நாட்களில் மாலை வலி பாதியாகக் குறைந்திருக்கிறது. கல்யாணக் கூட்டம் சேரும் ஞாயிற்றுக்கிழமைகளில் பழையபடிதான்.

கோவை இயன்முறை மருத்துவர் எழுதியது:

நல்ல செய்தி. ஞாயிற்றுக்கிழமைக்காகத் திங்கட்கிழமைப் பயிற்சியைக் குறைத்துக்கொள்ளுங்கள், விட்டுவிடாதீர்கள். தசை பலம் பெற இன்னும் பல மாதங்கள் ஆகும். மற்றவர்களுக்கு ஒரு குறிப்பு: பின்பக்க வழியாக அறுவை செய்துகொண்டு சில வாரங்களே ஆனவர்கள் இந்தப் பயிற்சிகளைத் தாமாகத் தொடங்க வேண்டாம், காலைக் குறுக்கே கொண்டுவரக் கூடாது, தொடையைச் செங்கோணத்துக்கு மேல் மடக்கக் கூடாது என்ற கட்டுப்பாடுகள் அவர்களுக்கு இருக்கும்.

காவிரிக்கரைத் தாத்தா எழுதியது:

மருத்துவரே, வலி எங்கே என்று பார்க்கச் சொன்னதால் நானும் கவனித்தேன். எனக்கு வெளிப்பக்கம் வலியில்லை. கோயில் வரிசையில் பத்து நிமிடம் நின்றால் இரண்டு புட்டமும் கனத்து, கெண்டைக்கால் மரத்துப்போகிறது. வரிசைக் கம்பியின் மேல் முன்பக்கமாகச் சாய்ந்தால் அடங்கிவிடுகிறது. உட்கார்ந்தால் இருந்த இடம் தெரியவில்லை. மூட்டு தளர்ந்துவிட்டது என்றே இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கோவை இயன்முறை மருத்துவர் எழுதியது:

ஐயா, மாற்றிய மூட்டு ஒரு பக்கம், மரத்துப்போவது இரண்டு பக்கம். நிமிர்ந்து நின்றால் வந்து, முன்பக்கம் சாய்ந்தால் போகும் வலி, கீழ்முதுகில் நரம்பு செல்லும் பாதை குறுகியிருப்பதால் வரும் வலியின் இயல்பு. மிதிவண்டி ஓட்டும்போது வலி வருவதில்லை என்றால் அந்தச் சந்தேகம் இன்னும் வலுக்கும். அடுத்த முறை செல்லும்போது இடுப்பு எக்ஸ்ரேயோடு கீழ்முதுகையும் பரிசோதிக்கும்படி கேளுங்கள். கால் நாடித்துடிப்பையும் பார்க்கச் சொல்லுங்கள், ஏனெனில் காலுக்கு ரத்த ஓட்டம் குறைந்தாலும் கெண்டைக்கால் இப்படிக் கனக்கும், ஆனால் அது பெரும்பாலும் நடக்கும்போது வரும், நின்றாலே அடங்கிவிடும். சிறுநீர் அடக்க முடியாமை, பாதம் தூக்க முடியாமை ஆகியவை சேர்ந்தால் அடுத்த முறைக்குக் காத்திருக்க வேண்டாம், அன்றே செல்லுங்கள்.